கிழக்கே வீடு, மேற்கே வழி

ஒரு காட்டில் இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று பகல் சபை. மற்றொன்று இராச் சபை.

வெயில் ஏறியதும் பகல் சபை கூடும். காட்டுக்குள் எங்கே பாதை போடுவது என்று முடிவு செய்வது அதன் வேலை. இருட்டு விழுந்ததும் இராச் சபை கூடும். யார் எந்த இடத்தில் குடியிருப்பது என்று முடிவு செய்வது அதன் வேலை. இரண்டும் கூடுவது ஒரே இலுப்பை மரத்தடியில்தான். ஆனால் பாருங்கள் பிள்ளைகளே, இது கூடும்போது அது தூங்கும். அது கூடும்போது இது குறட்டை விடும். ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்த்ததே கிடையாது.

பகல் சபைக்குத் தலைவர் தோகையப்பர் என்ற மயில். தன்னைப் போல அழகன் இந்த உலகத்தில் இல்லை என்பது அவர் நினைப்பு. இராச் சபைக்குத் தலைவர் உருட்டுக்கண்ணார் என்ற ஆந்தை. தனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்பது இவர் நினைப்பு.

"பகலெல்லாம் தூங்குறவங்களுக்கு என்ன தெரியும்?" என்பார் மயில்.

"இருட்டினதும் சுருண்டு படுக்கிறவங்ககிட்ட என்ன பேச்சு?" என்பார் ஆந்தை.

இருவரையும் பார்த்துப் பேசக்கூடிய ஆள் அந்தக் காட்டில் காதாயி ஒருத்திதான். காதாயி ஒரு முயல். முயலுக்கு அந்தி நேரம்தான் சுறுசுறுப்பான நேரம் அல்லவா? மயில் கொட்டாவி விடும்போதும் அவள் விழித்திருப்பாள், ஆந்தை சோம்பல் முறிக்கும்போதும் விழித்திருப்பாள்.

காதாயி ஆற்றோரத்துத் தாழ்வான கரையில் குடியிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆமையும் ஒரு கௌதாரிக் குடும்பமும் இருந்தன. போன மழைக்கு ஆறு பொங்கி வந்து, அவளுடைய புல் படுக்கையை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அவள் தனி ஆள், ஒரே ஓட்டமாக ஓடித் தப்பித்தாள். இந்த முறை மூன்று குட்டிகள் இருந்தன. மூன்றுக்கும் சரியாக ஓடக்கூட வராது. கடைக்குட்டி நாலு எட்டு வைத்தால் ஐந்தாவது எட்டில் குப்புற விழும்.

ஆற்றோரத்தில் இருப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்து இராச் சபை ஒரு நல்ல முடிவு எடுத்தது. எல்லாரும் மேடான கிழக்குச் சரிவுக்குக் குடிபோக வேண்டும் என்றது.

பகல் சபையும் சும்மா இருக்கவில்லை. அதுவும் ஒரு நல்ல முடிவு எடுத்தது. ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்காக மேற்குப் பாறைக்கு ஒரு பாதை போட வேண்டும் என்றது.

சிரிக்காதீர்கள். இன்னும் கதையே ஆரம்பிக்கவில்லை.

பாதை போடுவது யார் தெரியுமா? பெரியதம்பி என்ற யானை. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வருவார். புதரை மிதிப்பார், பாறையைத் தள்ளுவார், மரத்தைப் புரட்டுவார். அதற்குக் கூலி விளாம்பழம். காட்டில் இருக்கும் எல்லாரும் விளாம்பழம் பொறுக்கி வந்து இலுப்பை மரத்தடியில் குவிப்பார்கள். காதாயிகூட மூக்கால் தள்ளித் தள்ளியே பழங்களை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்திருந்தாள். குவியலில் பழம் இருக்கும் வரைதான் பெரியதம்பி வேலை செய்வார். பழம் தீர்ந்ததா, பாதை பாதியில் நின்றாலும் துதிக்கையை ஆட்டிவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

ஒரு நாள் மாலை, குரங்குகள் மரத்துக்கு மரம் கொடி கட்டிப் பாதைக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தன. காதாயி அதைப் பார்த்தாள். கொடிகள் மேற்கே போயின. அவளுக்குப் பகீர் என்றது. தலைதெறிக்க ஓடினாள் மயிலிடம்.

"தோகையப்பரே, கும்பிடுறேன்."

"வா காதாயி, வா! பாதையைப் பாத்தியா? உங்களுக்காகத்தான். நல்ல அகலம், யானை நடக்கிற அகலம்!"

"ரொம்ப சந்தோஷம் ஐயா. ஆனா பாதை மேற்கே போகுதே. எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது கிழக்குச் சரிவுல."

"கிழக்கேயா? போன வருஷம் மேற்குப் பாறைன்னுதானே பேச்சு?"

"அது போன வருஷம். பாறையில ஒரு புல்லு முளைக்காதுன்னு இராச் சபை மாத்திட்டாங்க."

"மாத்தினவங்க எங்கிட்ட வந்து சொன்னாங்களா?"

"அதான் நான் வந்து சொல்றேனே ஐயா!"

மயில் கழுத்தை ஒரு நெளிப்பு நெளித்தார். "நீ சொன்னா ஆச்சா? ஒரு தலைவருக்கு இன்னொரு தலைவர் வந்து சொல்லணும். இதோ பாரு, பாதை போடுறது என் வேலை. அது முடியுற இடத்துல யார் குடியிருக்காங்கன்னு பாக்கிறது என் வேலை இல்ல. அதோட, திறப்பு விழாவுக்கு மேற்குப் பாறைதான் எடுப்பா இருக்கும். நான் மேல நின்னு தோகையை விரிச்சேன்னு வை, காடே பாக்கும்!"

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். கிளைக்கு ஏறித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கியே போய்விட்டார்.

காதாயி ஆந்தையின் பொந்துக்குப் போய்க் காத்திருந்தாள். வெளிச்சம் மங்கியதும் ஆந்தை கண்ணைத் திறந்தார்.

"அட, காதாயியா! இடம் பிடிச்சிருக்கா? உனக்கு நெல்லி மரத்தடி. பாத்துப் பாத்து ஒதுக்கினேனாக்கும்."

"இடம் அருமைங்க. அங்க போறதுக்குத்தான் வழி இல்ல."

"வழி இல்லையா? நான் தினம் போயிட்டு வர்றேனே!"

"நீங்க பறந்து போறீங்க."

இது ஆந்தையின் புத்தியில் தட்டவே இல்லை. எல்லாம் தெரிந்தவர் அல்லவா, அதை ஒத்துக்கொள்வாரா?

"நடந்து போறவங்களுக்கு என்ன தடை?"

"முள்ளுக்காடு இருக்கு. அதுக்குள்ள ஒரு பள்ளம் இருக்கு. நான் ஒரே தாவா தாவினேன், அதுக்கே பின்னங்கால் வழுக்கிடுச்சு. குட்டியைக் கவ்விக்கிட்டு எப்படிங்க தாவுறது? ஆமை என்ன பண்ணும்? கௌதாரிக் குஞ்சுங்க என்ன பண்ணும்?"

"அதுக்குத்தானே பகல் சபை இருக்கு? அவங்க வழி போடட்டும்."

"மேற்கே போடுறாங்க."

"மேற்கேயா! பகல்ல முழிச்சிருந்தும் இதுகூடவா தெரியல அவங்களுக்கு?"

"நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா..."

"நானா? பகல்லயா? என் கண்ணு என்னத்துக்கு ஆகும்? வேணும்னா அவரை ராத்திரி வரச் சொல்லு. இடம் ஒதுக்குறது என் வேலை, ஒதுக்கிட்டேன். நீங்க எப்படிப் போறீங்கன்னு பாக்கிறது என் வேலை இல்ல!"

காதாயிக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. இவருடைய பாதையும் நல்ல பாதைதான், அவர் கொடுத்த இடமும் நல்ல இடம்தான். ஆனால் பாதை முடியும் இடத்தில் வீடு இல்லை, வீடு இருக்கும் இடத்துக்குப் பாதை இல்லை. நடுவில் கிடந்து சாவது யார்? அவளும் அவள் குட்டிகளும்தான்.

மலைப்பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நாளைக்குப் பெரியதம்பி வந்துவிடுவார். மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். மேற்கே போய்க் குவியல் தீர்ந்துவிட்டால் கிழக்கே போட ஒரு பழம் மிஞ்சாது.

"இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிப் பிரயோசனம் இல்ல. காட்டினாத்தான் உறைக்கும்," என்று காதாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எப்படிக் காட்டுவது? காதைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். மயிலுக்கும் அது உயிர், ஆந்தைக்கு அதைவிட உயிர், அப்படி ஒன்று இருக்கிறது. அதுதான் ஈசல்! மழைக்கு முன்னால் புற்றிலிருந்து கிளம்பும் கொழுத்த ஈசல்.

அப்போதே ஆந்தையிடம் திரும்பிப் போனாள்.

"ஐயா, நாளைக்கு அந்தியில உங்களுக்கு ஈசல் விருந்து. புதுப் பாதை முடியுற இடத்துக்கு வந்துடுங்க. குரங்குங்க கட்டின கொடியைப் பிடிச்சிக்கிட்டே பறந்தா இடம் தெரியும்."

ஆந்தையின் கண் இன்னும் பெரிதாயிற்று. "ஈசலா! வராம இருப்பேனா?"

மறுநாள் காலையில் மயிலிடம் போனாள்.

"ஐயா, இன்னைக்கு அந்தியில உங்களுக்கு ஈசல் விருந்து. எங்களுக்குக் கொடுத்த புது இடத்துக்கு வந்துடுங்க, கிழக்குச் சரிவு. பறக்காதீங்க, நடந்தே வாங்க. வழியெல்லாம் உங்க தோகையை நாலு பேர் பாக்க வேண்டாமா?"

"அது சரி, அது சரி! நடந்தே வர்றேன்," என்றார் மயில். இதைவிட வேறு என்ன வேண்டும் அவருக்கு?

அன்று அந்தி சாய்ந்தது. பெரியதம்பி மலையிலிருந்து இறங்கி வந்து ஆற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காதாயி குட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தால் அமைதியாகத்தான் இருந்தாள். உள்ளே ஒரே பயம். தலைவர்களை ஏமாற்றியாகிவிட்டது. கோபத்தில் இடமும் இல்லை, பாதையும் இல்லை, போ என்று சொல்லிவிட்டால்?

முதலில் கிழக்கேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. "ஐயோ! என் தோகை! ஐயையோ, என் தோகை!"

"யாருக்கோ முள்ளு குத்திடுச்சு போல," என்றார் பெரியதம்பி.

"குத்தட்டும் அண்ணே," என்றாள் காதாயி.

கொஞ்ச நேரத்தில் மயில் வந்து சேர்ந்தார். நாலைந்து இறகு பிடுங்கிப்போய், மீதியில் முள்ளும் சருகும் ஒட்டிக்கொண்டு, அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"காதாயி! எங்கே விருந்து? அங்கே வெறும் முள்ளு! அதுக்குள்ள இம்மாம் பெரிய பள்ளம்! அந்தப் பக்கம் எந்த உயிராவது நடந்து போக முடியுமா?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, மேற்கேயிருந்து சிறகடித்துக்கொண்டு ஆந்தை வந்து இறங்கினார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"காதாயி! எங்கே விருந்து? அங்கே மொட்டைப் பாறை! பகல் சூடுகூட இன்னும் ஆறல, காலை வைக்க முடியல. ஒரே ஒரு ஓணான் உக்காந்திருக்கான். யானையை வெச்சு எனக்கா இவ்வளவு பெரிய பாதை போடுறீங்க, நான் ஒண்டிக்கட்டை ஆச்சேன்னு என்னையே கேக்கிறான்! எனக்கு மானமே போச்சு!"

அப்போதுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இவர் யாரு?" என்றார் மயில்.

"இவர்தான் எங்களுக்கு இடம் கொடுத்தவர்," என்றாள் காதாயி.

"இவர் யாரு?" என்றார் ஆந்தை.

"இவர்தான் எங்களுக்குப் பாதை கொடுத்தவர்."

இரண்டு பேருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பசி விடுமா?

"அது இருக்கட்டும். விருந்து எங்கேம்மா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

காதாயி எழுந்து நின்றாள். காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. "விருந்து இருக்குதுங்க. எங்க வீடும் உங்க வழியும் சேருற இடத்துல வெச்சிருக்கேன். அந்த இடம் எங்கேன்னு எனக்குத் தெரியல. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிச் சொன்னாத்தான் எனக்கே தெரியும்."

ஆற்றுத் தண்ணீர் முந்தின நாளைவிட ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கடைக்குட்டி வந்து மயிலின் கிழிந்த தோகையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டது.

மயிலுக்கு வெட்கமாக இருந்தது. "நான் நேத்தே கேட்டிருக்கணும்," என்றார் மெதுவாக.

"நான் இடத்தை மாத்தினப்பவே சொல்லி அனுப்பியிருக்கணும்," என்றார் ஆந்தை. எல்லாம் தெரிந்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததைக் கேட்டுக் காதாயி காதைத் தேய்த்து விட்டுக்கொண்டாள்.

"சரி, பாதையைக் கிழக்கே திருப்பிடுவோம்," என்றார் மயில். "பெரியதம்பி, காலையில கிழக்கே போங்க. நெல்லி மரம் வரைக்கும்."

பெரியதம்பி தூரத்தில் இலுப்பை மரத்தடியில் தெரிந்த குவியலை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு எந்தத் திசையா இருந்தா என்ன? ஆனா ஒண்ணு. இந்தப் பழம் மேற்குப் பாறைக்குக் கணக்குப் பண்ணிச் சேர்த்தது. மேற்கே போற வழியெல்லாம் வெறும் புல்லு, மிதிச்சா ஆச்சு. கிழக்கே முள்ளை நசுக்கணும், பள்ளத்துக்குக் குறுக்கே மரம் புரட்டிப் போடணும். இவ்வளவு பழத்துக்குப் பள்ளத்தைத் தாண்டி முதல் மேடு வரைக்கும்தான் முடியும். நெல்லி மரம் வரைக்கும் ஆகாது."

"இன்னும் கொஞ்சம் பழம் போட்டுக் கொடுங்களேன்," என்றார் ஆந்தை மயிலைப் பார்த்து.

"எங்கேருந்து போடுறது? மரத்துல ஒரு காய்கூட இல்ல. நீங்க வீட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்க."

"என்னது! நான் பாத்துப் பாத்து ஒதுக்கின இடத்தையா?"

"நான் பாத்துப் பாத்துக் கட்டச் சொன்ன கொடியை விட்டுக் கொடுக்கலையா? என் திறப்பு விழா போகலையா? அந்தப் பாறை எவ்வளவு... எடுப்பா..." மயிலின் குரல் இழுத்தது. தலை ஆடியது. கண் சொருகியது.

போச்சு! இருட்டப் போகிறது. மயில் தூங்கிவிட்டால் விடிந்துதான் எழுவார், அதற்குள் ஆந்தை தூங்கப் போய்விடுவார். பெரியதம்பியோ கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நெல்லி மரத்தைப் பார்த்து நடப்பார், பழம் தீர்ந்ததும் பாதியில் நிற்பார். பாதை வந்தும் வீடு எட்டாது. காதாயி ஒரே தாவாகத் தாவி மயிலின் கால்விரலைப் பல்லால் பட்டென்று ஒரு கடி கடித்தாள்.

"ஆ!" என்று மயில் முழித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. பேசி முடிச்சிட்டுத் தூங்குங்க," என்றாள். பிறகு ஆந்தையிடம் திரும்பினாள். "ஐயா, முதல் மேட்டுலயும் புல்லு இருக்கு. நான் பாத்திருக்கேன். நெல்லி மரம் இல்ல, அவ்வளவுதான். எங்களுக்கு நெல்லிக்காயா முக்கியம்?"

ஆந்தை ஒரு கண்ணை மூடி யோசித்தார். "ஆறு அங்கே ஏறாதே?"

"எந்த மழைக்கும் ஏறினது இல்ல," என்றார் பெரியதம்பி.

"ஊற்று?"

"கொஞ்சம் மேலே இருக்குதுங்க. நடக்கிற தூரம்தான்," என்றாள் காதாயி.

"சரி," என்றார் ஆந்தை. "வீடு முதல் மேட்டுக்கு இறங்கட்டும்."

"பாதை முதல் மேட்டுக்கு வரட்டும்," என்றார் மயில். அடுத்த நொடி அவர் குறட்டை விட்டார்.

விடிந்தும் விடியாமலும் பெரியதம்பி வேலையைத் தொடங்கினார். முள் மடமடவென்று சாய்ந்தது. பள்ளத்தின் குறுக்கே ஒரு பெரிய மருத மரம் தொம்மென்று விழுந்தது. குவியல் குறையக் குறையப் பாதை நீண்டது. கடைசிப் பழத்தை அவர் வாயில் போட்டுக்கொண்டபோது முன்னங்கால் முதல் மேட்டின் புல்லில் இருந்தது. காதாயி சொன்ன விருந்தும் பொய்யாகவில்லை, அந்த மேட்டுப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. பழச்சாறு வழிய ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வந்த வழியே மலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மழை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு கரை தாண்டிப் பொங்கியது. கௌதாரி குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு முன்னே போயிற்று. ஆமை தன் பாட்டுக்கு அசைந்து அசைந்து போயிற்று. காதாயி மூன்று குட்டிகளையும் முன்னால் விட்டுத் தள்ளித் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். மருத மரத்தின் நடுவில் கடைக்குட்டி வழக்கம்போலக் குப்புற விழுந்தது. காதாயிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் யானை புரட்டிப் போட்ட மரம் அகலம் அல்லவா? குட்டி விழுந்த இடத்திலேயே எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நடந்தது.

மரத்தின் அந்தக் கோடியில் மயில் நின்றுகொண்டிருந்தார். மழை என்றதும் இருந்த இறகுகளை விரித்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே ஓட்டை தெரிந்தது, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு மேலே கிளையில் ஆந்தை உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா? எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்தாச்சுங்க," என்றாள் காதாயி. திரும்பிப் பார்த்தாள். அவர்கள் காலையில் படுத்திருந்த கரை தண்ணீருக்குள் போயிருந்தது.

மேட்டுப் புல்லில் ஏறி உட்கார்ந்ததும் கடைக்குட்டி கேட்டது. "அம்மா, இந்த வழி எங்கே போகுது?"

"நம்ம வீட்டுக்கு."

"நம்ம வீடு எங்கே இருக்கு?"

"இந்த வழி முடியுற இடத்துல," என்றாள் காதாயி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே குட்டியை நக்கித் துவட்டினாள்.

நீதி: குடியிருக்க இடம் கொடுப்பவரும் அந்த இடத்துக்கு வழி போடுபவரும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும், பேசாவிட்டால் கையில் இருப்பதெல்லாம் கரைந்துபோகும், ஒருவரும் வீடு போய்ச் சேரமாட்டார்கள்.